தோற்காத வம்சம்

தேவசகாயம் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒரு பழைய குத்துச்சண்டைக் கையுறை கொலுவிருந்தது. அவரும் பிறகு அவர் மகன் மரியதாஸும் சண்டை போட்டது அதை மாட்டிக்கொண்டுதான். பேத்தி ரோஸ்லினுக்கு வாங்கிய புதுக் கையுறை பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், கிழட்டுக் கையுறைக்குப் பெருமை பேச ஆள் கிடைத்துவிட்டது.

“நம்ம வம்சம் தோத்ததே கிடையாது, தெரிஞ்சுக்கோ.”

“ரெண்டு பேருமே ஜெயிச்சாங்களா?”

“ஜெயிச்சிருப்பாங்க! தேவசகாயத்துக்கு ஒரு கண்ணு மூடிப்போச்சு, வாயெல்லாம் ரத்தம். அப்பவும் நான் ஓங்கினேன். அந்த நேரம் பார்த்து, சண்டையை நிறுத்துன்னு நம்ம ஆளுங்களே இந்தத் துண்டை மேடைக்குள்ள வீசிட்டாங்க. மரியதாஸ் கால் தள்ளாடி நின்னப்பவும் இதே துண்டுதான் வந்து விழுந்துச்சு. துண்டு பண்ணின துரோகத்தைத் தோல்வின்னு சொல்ல முடியுமா?”

அலமாரி துடைக்க வைத்திருந்த அந்த வெள்ளைத் துண்டு, கதவோரமாகக் கசங்கிக் கிடந்தது.

புதுக் கையுறை கேட்டது: “மரியதாஸ் எப்போ பொறந்தாரு?”

“அப்பன் சண்டைக்கு அடுத்த வருஷம்.”

“ரோஸ்லின்?”

“அவளும் அவ அப்பன் சண்டைக்கு அப்புறந்தான். நான் வீரத்தைப் பத்திப் பேசறேன், நீ பொறந்த நாள் விசாரிக்கறே!”

கிழம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, விட்ட கதையைத் தனக்குத்தானே தொடர்ந்தது.

புதுக் கையுறை மெல்லக் கதவோரத் துண்டின் பக்கம் நகர்ந்தது.

“அண்ணே, ஞாயித்துக்கிழமை எனக்கு முதல் சண்டை. நீங்களும் வருவீங்கல்ல?”