பச்சைப் பெஜோ

செட்டிகுளத்தின் கடைசிப் படியில் கரும்பச்சைப் பெஜோ கார் ஒன்று நின்றது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கார்.

அதற்குக் கீழே, தண்ணீருக்குள், இன்னொன்று தலைகீழாக நின்றது.

தோமினிக் காரைப் புடவைத் துணியிலிருந்து பிரித்து வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தான். சைக்கிள் கடைக்காரன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையிலும் ரப்பர் சொல்யூஷன் வாசனை அடித்தது.

தங்கராசு காரை உடனே தொடவில்லை. வல்லம் யூனியன் ஆபீஸில் கிளார்க். எதையும் பார்த்துக்கொண்டே வெகுநேரம் சும்மா இருக்கக்கூடியவன்.

எதிரே ராஜகிரி மலையின் பாதியை மேகம் தின்றிருந்தது.

செஞ்சியில் பொம்மைக் கார் சேர்க்கிற பைத்தியம் இவர்கள் இரண்டு பேருக்குத்தான். பாண்டிச்சேரியை விட்டுக் கப்பலேறிய வெள்ளைக்காரக் குடும்பங்கள் கழித்துப்போட்ட சாமான்களோடு இந்தக் கார்களும் அங்கே பழைய சாமான் கடைகளுக்கு வந்துசேரும். வாங்கியதைக் கோட்டைக்குள் கொண்டுவந்துதான் பிரிப்பார்கள். மீசை வைத்த ஆண்கள் பொம்மையோடு உட்கார்ந்திருந்தால் கடைத்தெரு சிரிக்கும்.

பார்ப்பதற்கு ஒரு முறை இருந்தது.

உடையவன் வாய் திறக்கக்கூடாது. பார்ப்பவன் முதலில் கண்ணை மூடிக்கொண்டு எடை பார்க்க வேண்டும். பிறகு முகர வேண்டும். பிறகு கவிழ்த்து, அடித்தகட்டை இறுக்கிய ஆணித்தலையை நகத்தால் நெருட வேண்டும். ஆணிமேல் பெயின்ட் ஏறியிருந்தால் யாரோ பிற்பாடு பூசியது. கடைசியில் கார் செய்யப்பட்ட வருஷம் சொல்ல வேண்டும்.

வருஷத்தில் மட்டும் பொய் கூடாது. ஒருவன் சொன்ன பொய் இன்னொருவன் தலைக்குள் போய் உண்மையாகிவிடும். அதற்காக இருவரும் செய்துகொண்ட சத்தியம் அது.

இன்று தோமினிக் முறையை மீறிப் பேசினான்.

“நைனா அனுப்புனதாம். அம்மா சாவறதுக்கு முன்னாடி பொட்டியத் தொறந்து குடுத்துச்சு.”

தங்கராசு நிமிர்ந்தான்.

தோமினிக்கின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, கடல் தாண்டிச் சைகோனுக்குப் போனவர். அங்கிருந்து ஒரு வரி எழுதியதில்லை. ஐம்பத்தொன்றில் செத்த சேதி மட்டும் வந்தது. தன்னை ஒருநாளாவது நினைத்திருப்பாரா என்பதுதான் தோமினிக்கின் ஒரே கேள்வி. டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே, யாரையும் பார்க்காமல், அதைக் கேட்பான்.

“எந்த வருஷம்னு பாத்துச் சொல்லுப்பா.”

மேல்படியில் ஆடுகளோடு தைலம்மாள் வந்து நின்றாள். “இன்னா சார், பாண்டி வரைக்கும் போவுமா ஒங்க காரு?”

மற்ற நாளாக இருந்தால், “ஏறு யக்கா, எறக்கி உடறேன்” என்பான் தோமினிக். இன்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சிரித்தபடியே ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள்.

தங்கராசு கண்ணை மூடினான். நல்ல எடை.

முகர்ந்தான். பாச்சை உருண்டையும் மடித்துவைத்த புடவையும் மணத்தன.

ஆணித்தலை சுத்தமாக மின்னியது. யாரும் கைவைக்காத பெயின்ட்.

பிறகு, பழக்கத்தில், காரைக் கண்ணருகே தூக்கி ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தான்.

ராஜகிரி தெரிந்தது. மேகம், மதில், மேகத்துக்குள் கரைந்துபோகிற பாறை. எல்லாமே ஈரத்துக்குள் இருப்பதுபோல லேசாக நெளிந்தன. காரை மெல்ல நகர்த்தினான். மலையும் நகர்ந்தது. முழு மலையும் அந்தச் சின்னக் காரில் ஏறி எங்கோ புறப்பட்டுப் போவதுபோல இருந்தது.

ஜன்னலில் கண்ணாடி இருந்தது.

ஐம்பத்தேழுக்கு முன்னால் வந்த பொம்மைக் காருக்குக் கண்ணாடி கிடையாது. ஜன்னல் வெறும் ஓட்டை. ஒரு பக்கம் தீக்குச்சியை விட்டால் மறுபக்கம் வெளியே வரும்.

தங்கராசு காரைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்ற வருஷா வருஷம் பாண்டிச்சேரிக்குத் தனியாகப் போய்வருவாள் தோமினிக்கின் அம்மா சவரியம்மாள். ஏதோ ஒரு வருஷம், பஸ்ஸுக்கு நேரம் இருக்கும்போது, ஏதோ ஒரு கடைமுன் நின்றிருக்கிறாள். மகனுக்கு எது பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதில் எதைப் பார்த்து வருஷம் சொல்வார்கள் என்பது தெரியாது.

குளத்தில் ஒரு மீன் எழும்பி அமிழ்ந்தது. வட்டம் விரிந்து, கரைக்கு வந்து, தலைகீழாக நின்ற படிகளைக் கலைத்துவிட்டு அடங்கியது.

“நாப்பத்தொம்பது” என்றான் தங்கராசு.

தோமினிக் தலையாட்டினான்.

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“எனக்கே சந்தேகம் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்லணும்.”

தோமினிக் கை நீட்டிக் காரை வாங்கிக்கொண்டான். ஜன்னல் பக்கம் வாயைக் கொண்டுபோய் மூச்சை ஊதினான். வேட்டி முனையால் துடைத்தான். ஒவ்வொரு ஜன்னலாக, கீறல் விழாமல், நிதானமாக.

தங்கராசு அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எப்போதோ ஒரு மழைநாள். சைக்கிள் கடைத் தகரத்தில் மழை இரைந்துகொண்டிருந்தது. பழைய காரின் ஜன்னலுக்குள் ஒரு தீக்குச்சி நுழைந்து மறுபக்கம் வந்தது. ஐம்பத்தேழுக்கு அப்புறம் வந்த காரில் இது நுழையாது என்று தங்கராசுவுக்குச் சொல்லிக்கொடுத்தன அந்த விரல்கள்.