ஞாயிறு சந்தையில் ஓர் இழைப்புளி

கோழிக்கோட்டு ஞாயிறு சந்தையில், கோயாவின் பழைய இரும்புக் குவியலிலிருந்து அப்புண்ணி ஓர் இழைப்புளியை உருவி எடுத்தார். முழுக்கத் துரு.

"கோயா, இது அசல் சீமை இரும்புடா! ஒருத்தன் கண்ணுலயும் படலையா?"

"உங்க கண்ணுக்குத்தான் இதெல்லாம் சிக்கும், அப்புண்ணியேட்டா."

"பார்த்தியா மோளே!" என்று மகளிடம் காட்டினார். ரஜிதா தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். வாரம் முழுக்க உப்புத்தாளால் தேய்த்து, முகம் தெரியும்வரை தீட்டினார். வெள்ளிக்கிழமை ஒரு தேக்குத் துண்டை இழைத்தபோது, வெற்றிலையைவிட மெல்லிசாகச் சுருள் எழுந்தது. ஒரு காலத்தில் கல்லாய் மர ஆலையில் மேஸ்திரியாக இருந்த அப்புண்ணி வாய்விட்டுச் சிரித்தார்.

அன்று மதியம் அவர் உறங்கியதும், ரஜிதா அந்த இழைப்புளியைக் கொல்லைக்குக் கொண்டுபோய் உப்புத்தண்ணீர் வாளியில் போட்டாள். துரு ஏறியதும் கோயாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"திரும்பவுமா மோளே? ஒரு வாட்டியாவது அவருக்கு அடையாளம் தெரியாதா?"

"போன வாரம்னு ஒண்ணு அவருக்கு இல்லவே இல்ல, கோயா இக்கா. கையில இந்த வேலை இல்லேன்னா சோறுகூட இறங்க மாட்டேங்குது."

ஞாயிறன்று அப்புண்ணி அதே இழைப்புளியைப் புதிதாகக் கண்டெடுத்தார். துருவைத் தடவியவரின் முகம் சுருங்கியது.

"இவ்வளவு நல்ல சாமானை இப்படிப் பாழாக்க யாருக்கு மோளே மனசு வந்தது? கல்நெஞ்சுக்காரங்க!"

"ஆமா அச்சா."

ரஜிதாவுக்கு அழுகை வரவில்லை. பையை விரித்துப் பிடித்தாள்.