கட்டினவர் கேட்ட கேள்விகள்

"நாலாவது அத்தியாயத்தைக் கொஞ்சம் இளக்கிடு. இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

இதைச் சொல்லும்போது பேராசிரியை மாணவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

கட்டடக்கலை மேற்படிப்பில் மருத்துவமனை வடிவமைப்புப் பிரிவு. மற்றவர்களெல்லாம் நகரமைப்பு, உள் அலங்காரம் என்று ஓட, இந்தப் பிரிவுக்கு வந்தவர்கள் ஏழே பேர். அவர்களில் இந்த மாணவிதான் முதல் மதிப்பெண். எந்நேரமும் கையில் அளவு டேப்போடு அலைவதால் வகுப்பில் அவள் பெயரே 'டேப்பு'.

ஊரின் பெரிய ஆஸ்பத்திரியை மூலை முடுக்கு விடாமல் அளந்து, அதன் குறைகளை ஆய்வேடாக எழுதியிருந்தாள். வாய்மொழித் தேர்வு எடுக்க வரப்போகிறவர் அந்த ஆஸ்பத்திரியை வடிவமைத்த நிபுணரேதான் என்பது அன்று காலையில்தான் தெரிந்தது.

"இளக்கறதுன்னா எப்படி மேடம்? ஒன்பதடிக்கு ஓரடி ஏறுற சாய்தளத்தை, விதிப்படி பன்னெண்டடிக்கு ஓரடிதான்னு எழுதவா?"

"பொய் எழுதச் சொல்லல. 'தவறு'ன்னு வர்ற இடத்துல 'மேம்படுத்தலாம்'னு போடு. போதும்."

"ஸ்ட்ரெச்சர் தள்ளுறவங்களுக்கு மூச்சு வாங்குது மேடம். அதை எப்படி வேற மாதிரி எழுதறது?"

பேராசிரியைக்கு எரிச்சலும் வந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் வந்தது. எரிச்சலை மட்டும் வெளியே காட்டினாள்.

"ரெண்டு வருஷப் படிப்பு. அவர் நினைச்சா ஒரு நிமிஷத்துல கவுத்துடுவார். அப்புறம் உன் இஷ்டம்."

டேப்பு ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

தேர்வு நாளில் நிபுணர் வந்தார். கொடுத்த டீயைத் தொடவில்லை. அவர் கையிலிருந்த ஆய்வேட்டில் பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. பேராசிரியை மனசுக்குள் அந்தச் சீட்டுகளை எண்ணத் தொடங்கினாள்.

முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டிய தேர்வு இரண்டு மணி நேரத்தைத் தாண்டியது. மனிதர் விட்டுக்கொடுக்கிற மாதிரி இல்லை.

"சாய்தளத்தை எந்த இடத்துல அளந்தீங்க?"

"மூணு இடத்துல சார். மேல, நடுவுல, கீழ."

"செவிலியர் மேஜையிலேருந்து கடைசி நாலு படுக்கை தெரியலன்னு எழுதியிருக்கீங்க. நின்னு பார்த்தா தெரியுமே?"

"நைட் ஷிஃப்ட் முழுக்க நின்னுக்கிட்டே இருக்க முடியாது சார்."

நிபுணரின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அடுத்த சீட்டைப் புரட்டினார்.

"கழிவறைக் கதவு உள்பக்கமாத் திறக்கறது தப்புன்னு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கீங்க. எல்லா இடத்துலயும் அப்படித்தானே இருக்கு?"

"வீட்டுல பரவாயில்ல சார். நோயாளி மயங்கிக் கதவுமேலயே சாய்ஞ்சுட்டா, வெளியிலேருந்து தள்ள முடியாது."

"அப்படி நடந்திருக்கா, இல்ல நீங்களா கற்பனை பண்ணினதா?"

"மூணு தடவை நடந்திருக்கு சார். ஒரு தடவை கதவை உடைச்சுத்தான் ஆளை எடுத்தாங்க."

"யார் சொன்னா?"

"உடைச்சவங்களே சொன்னாங்க. எங்க அம்மா. அந்த வார்டுல பத்தொன்பது வருஷமா ஆயாவா இருக்காங்க."

தலை நிமிர்ந்துதான் சொன்னாள். பேராசிரியைக்கே இது புதுச் செய்தி. இப்படி ஒரு பெண்ணிடமா வார்த்தையை மாற்றி எழுதச் சொன்னோம் என்று நினைத்தபோது கன்னம் சுட்டது.

நிபுணர் ஆய்வேட்டை மூடினார். பேனாவையும் மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"இதுல இப்ப நான் கையெழுத்து போட முடியாது."

டேப்பு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பேராசிரியை எழுந்துவிட்டாள். இருபது வருட வேலையில் வெளித்தேர்வாளரை எதிர்த்து அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"சார், மன்னிக்கணும். அவ எழுதினதுல ஒரு அளவுகூடத் தப்பில்ல. வேணும்னா இப்பவே போவோம், நானே டேப்பைப் பிடிக்கறேன். உங்க கட்டடத்தைக் குறை சொன்னதுக்காக என் மாணவியை ஃபெயிலாக்கறதா இருந்தா, வழிகாட்டின்னு போட்டிருக்கற என் பேரையும் சேர்த்து அடிச்சுடுங்க."

நிபுணர் அவளை நிதானமாகப் பார்த்தார். பிறகு தோள்பையைத் திறந்து, அட்டை நைந்துபோன ஒரு நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"படிங்க."

முதல் பக்கத்தில் ஆஸ்பத்திரியின் பெயர். கீழே, மங்கிப்போன மையில் ஒரு வரி: 'சாய்தளம், ஒன்பதுக்கு ஒன்று. என் தவறு.' அதற்குக் கீழே அடுத்தது. அதற்கும் கீழே அடுத்தது. கடைசி வரி மட்டும் அந்த வாரத் தேதியோடு புது மையில் இருந்தது: 'கழிவறைக் கதவு.'

பேராசிரியை நோட்டை மாணவியிடம் நீட்டினாள்.

"கட்டி முடிச்ச நாள்லேருந்து எழுதிட்டு வர்றேன்" என்றார் நிபுணர். "இதையெல்லாம் திருத்தணும்னு நான் வாயால சொன்னா ஆஸ்பத்திரி நிர்வாகத்துல, வயசாயிடுச்சுன்னு சிரிக்கறாங்க. இப்படி அளந்து எழுதினதைக் கொண்டுபோய்ப் போட்டா சிரிக்க முடியாது. என் நோட்டுல பதினாலு தப்பு இருக்கும்மா. நீ பதினொண்ணு பிடிச்சுட்டே. விட்டுப்போன மூணையும் போய் அளந்து சேர்த்துக் கொண்டா, கையெழுத்து போடறேன்."