அ-சியூ அக்காவின் இடது கை

“சின்ன டாக்டரே, இங்க வா. இன்னிக்கு எனக்கு ரத்தம் எடுக்கணுமாம். நீயே எடு.”

ஜூன்-யென் திரும்பிப் பார்த்தான். தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்பதை நம்ப முடியவில்லை.

கீலுங் துறைமுகச் சந்தையில் மீன் உருண்டை விற்றுப் பிழைத்த அ-சியூ அக்காவின் வாய்க்கு அந்த வார்டே பயப்படும். மருத்துவக் கல்லூரியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் அவன், வார்டுக்கு வந்த முதல் நாளே அவளிடம் மாட்டிக்கொண்டான். ஊசி நரம்பில் ஏறவே இல்லை.

“நான் மீனக்கூட இப்படிக் குத்த மாட்டேன்! போய் வேற யாரையாவது அனுப்பு.”

பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து யார் கையைப் பிடித்தாலும் அவனுக்கு விரல் நடுங்கியது. படிப்பை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தான்.

இப்போது அவளே சட்டைக் கையை மடித்து, இடது கையை நீட்டுகிறாள். புற்றுநோய் அவளை உருக்கியிருந்தது. ஊசி ஏறி ஏறிக் கறுத்த இடங்கள் போக, நல்ல தோல் கொஞ்சமே மிச்சம்.

ரப்பர் பட்டையைக் கட்டினான். தடவித் தேடினான்.

“நடுங்காத. நான் எங்கயும் ஓடிடப் போறதில்ல.”

முதல் குத்து தவறியது. அவள் முகம் சுளிக்கவில்லை. ஜன்னலில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த குத்தில் ரத்தம் கருஞ்சிவப்பாகக் குழாயில் ஏறியது.

“பாத்தியா? இனிமே யாருக்கும் உன்னால வலிக்காது. போ.”

சிரிப்பை அடக்க முடியாமல் குழாயோடு நர்ஸ் மேசைக்கு ஓடினான்.

நர்ஸ் லீ-ஃபென் கணினியில் தேடினாள். மறுபடியும் தேடினாள்.

“இவங்களுக்கு ரத்தம் எடுக்க யார் சொன்னது?”

“அவங்கதான்.”

லீ-ஃபென் கணினியிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள்.

“நேத்தே எல்லா டெஸ்டையும் நிறுத்தியாச்சு, ஜூன்-யென். உயிர் வீட்லதான் போகணும்னு அவங்களே டாக்டர்கிட்ட சொல்லிட்டாங்க. மத்தியானம் அவங்க தம்பி வண்டி எடுத்துட்டு வர்றாரு.”

வேண்டாத ரத்தத்தை எந்தத் தொட்டியில் போட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும்.

கையிலிருந்த குழாய் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.