பத்தாம் இடத்துத் தண்ணீர்

“ஏம்மா, அந்தப் பத்தாம் நம்பர் ஆளை வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் நீ ஆபீசுக்குத் திரும்பணும். சொல்லிட்டேன்!”

ஃபோனில் தலைமைப் பொறியாளர் கத்திய கத்தலில், ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த டிரைவருக்கே தூக்கிவாரிப் போட்டது. பின் சீட்டில் இருந்த பொறியாளர் ஃபோனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

“ஆர்டர் கையிலதான் இருக்கு சார்.”

“நாளைக்கு நிபுணர் குழு வருது. ஒன்பது இடத்துல உன் மாடல் சொல்ற கணக்கும், ஆத்துல அளந்த கணக்கும் அச்சுப் பிசகாம ஒத்துப்போகுது. பத்தாவது இடத்துல மட்டும் உன் மாடல் இடுப்பளவுங்குது, அந்த ஆளு முழங்காலுக்குக் கீழன்னு சொல்றான். தூங்கி எழுந்து வாய்க்கு வந்த நம்பரைச் சொல்றான்!”

“எனக்கும் அப்படித்தான் தோணுது சார்.”

“அப்புறம், ஐம்பது வருஷம் கழிச்சு வரப்போற வெள்ளத்துக்கு ஒரு பட்டியல் போட்டியே, அதை எனக்கு உடனே அனுப்பு. இன்னிக்குப் பட்டியலும் இன்னும் குரூப்புக்கு வரலை. மணி ஏழரை!”

அந்த மாடல் அவளுடைய மூன்று வருட உழைப்பு. மழை, வெயில், மண், காடு என்று எல்லாவற்றையும் கணினிக்கு ஊட்டி ஊட்டி வளர்த்திருந்தாள். ஆற்றில் எங்கே எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று அது இன்றைக்கும் சொல்லும். பருவநிலை இப்படியே மாறிக்கொண்டு போனால் ஐம்பது வருடம் கழித்து என்ன ஆகும் என்றும் சொல்லும். இன்றைய கணக்கு சரியாக இருந்தால்தான் நாளைய கணக்கை நிபுணர்கள் நம்புவார்கள்.

தினமும் காலையில் அன்றைய பட்டியலை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது அவள் வழக்கம். தண்ணீர் ஏறும் நாளில் அளவெடுப்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். எட்டு மணிக்கு அவர்கள் ஆற்றில் இறங்கி அளந்து, அதே குரூப்பில் எழுதுவார்கள்.

ஜீப் ஒரு பள்ளத்திலிருந்து ஏறி இன்னொன்றில் இறங்கியது. தலை கூரையில் இடிக்க இடிக்க, இரண்டு பட்டியல்களையும் ஒரு வழியாக அனுப்பி முடித்தாள்.

பத்தாம் நம்பர் தூங்கவில்லை. கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கரையில் நின்றிருந்தார்.

“வாங்க மேடம். இன்னும் மூணு நிமிஷம் இருக்கு. எட்டுன்னா எட்டு.”

எட்டு ஆனதும் இறங்கினார். ஆற்று நடுவே நட்டிருந்த அளவுக் கம்பத்தின் முன் குனிந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இடப்பக்கமிருந்து ஒரு தடவை, வலப்பக்கமிருந்து ஒரு தடவை பார்த்தார்.

“நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்.”

அவளும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். கம்பத்தில் ஒட்டியிருந்த பாசியைத் தேய்த்துப் பார்த்தாள். பாவி, நாற்பத்திரண்டேதான்.

“கம்பத்தை யாராவது கொஞ்சம் தூக்கி நட்டிருப்பாங்களோ?”

“பாறையில அடிச்ச கம்பம் மேடம். யானை வந்தாலும் அசையாது.”

“இங்க எவ்வளவு இருக்கும்னு தினமும் குரூப்புல போடறேனே, அதையாவது பார்க்கறீங்களா?”

“எனக்கு ஏது மேடம் குரூப்பு? பட்டன் ஃபோன். ஆபீசுக்குக் கூப்பிட்டு வாயாலதான் சொல்லுவேன்.”

“மத்த ஒன்பது பேரும் சரியாச் சொல்றாங்க. நீங்க ஒருத்தர் மட்டும் ஏன் இப்படி?”

“அவங்க எல்லாம் விவரமானவங்க மேடம். என் வீட்டுக்காரியும் திட்டறா, ‘கொஞ்சம் கூட்டிச் சொன்னா ஆறு வந்து சண்டை போடப்போகுதா’ன்னு. மனசு வரலை. இருக்கறதைத்தானே சொல்ல முடியும்?”

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்பது பேரை நம்பாமல் ஒருவரை நம்புங்கள் என்று எந்த நிபுணரிடம் போய்ச் சொல்வது? மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஆர்டர் இருந்த உறையை நீட்டினாள்.

அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். படித்தார். சட்டைப்பையிலிருந்து பட்டன் ஃபோனை எடுத்தார்.

“இன்னிக்கு அளவை மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன் மேடம். ஒரு நாள்கூட விட்டதில்ல.”

அவர் எண்களை அழுத்துவதற்குள் அவளுடைய ஃபோன் அலறியது.

“ஏம்மா, என்ன வெள்ளம் இது?” தலைமைப் பொறியாளர்தான். “ஐம்பது வருஷம் கழிச்சு ஊரே முழுகிடும்னு சொன்னே! நீ அனுப்பின பட்டியல்ல எந்த இடத்துலயும் தண்ணி இடுப்பைத் தாண்டலையே?”

இன்றைய பட்டியல் அவருக்குப் போயிருக்கிறது. அப்படியென்றால் அந்தப் பெருவெள்ளப் பட்டியல் குரூப்புக்கு! ஐயோ, ஒன்பது பேரும் அலறி அடித்துக்கொண்டு ஊரையே காலி செய்துகொண்டிருப்பார்களே!

அவசரமாகக் குரூப்பைத் திறந்தாள்.

யாரும் அலறவில்லை. ஒன்று முதல் ஒன்பது வரை எல்லோரும் எட்டு மணிக்கு ஒழுங்காக அளவை எழுதியிருந்தார்கள்: பதினொரு மீட்டர், பன்னிரண்டரை மீட்டர், பத்தேமுக்கால் மீட்டர்... ஒன்பதாம் நம்பர்காரர் மட்டும், பதிமூன்று மீட்டருக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘நல்ல வெயில் மேடம், நிலவரம் வழக்கம்போல.’