ஒரு நிமிடம் அணைக்கவும்

பதினோரு மணிக்குள் சான்றிதழை அனுப்பாவிட்டால் கிடைத்த வேலை போய்விடும். சான்றிதழ் இருப்பதோ கடல் தாண்டி, ஊரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில். இங்கிருந்தபடியே அதைத் திறக்கப் பார்த்தால் வீட்டு ரவுட்டர் உள்ளே விடவில்லை. தமிழாசிரியரான அப்பாவுக்கு போன் போட்டேன்.

“அப்பா, ரவுட்டரை ஆஃப் பண்ணுங்க.”

“தமிழ்ல சொல்லு.”

“சரிப்பா, ஒரு நிமிஷம் அணைச்சு வைங்க.”

“அணைச்சாச்சு. ஆனா விளக்கு எரியுதே?”

“அணைச்சா எப்படிப்பா எரியும்? நல்லா அணைங்க!”

“இதுக்கு மேல எப்படிடா? சுடுது வேற.”

சட்டென்று இணைப்பு வந்துவிட்டது. சான்றிதழை அனுப்பிவிட்டு, அப்பா முகத்தைப் பார்த்து நன்றி சொல்லலாமென்று அந்தக் கம்ப்யூட்டரின் கேமராவைத் திறந்தேன்.

அப்பா ரவுட்டரை நெஞ்சோடு கட்டிப்பிடித்து, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். அழுத்திய அழுத்தில், பின்னால் கழன்றிருந்த வயர் உள்ளே போயிருக்கிறது!

“ஐயோ, நிறுத்தத்தானேப்பா சொன்னேன்!”

“விளக்கைத்தான் அணைப்பாங்க. பெட்டியை நிறுத்தணும். தப்பு உன்னோடது.”

“ஏர்போர்ட்ல என்னை ஒரு தடவைகூட இப்படி அணைக்கலையேப்பா.”

அப்பா பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“நீ ‘பை’ன்னுதானே சொன்னே? தமிழ்ல கேட்டிருக்கலாமில்ல.”