ஆமை போட்ட மேலங்கி

“ஆமையா?” மாதர் சங்கத் தலைவி இகுயே சிரித்த சிரிப்பில், தோளில் மாட்டியிருந்த சங்கப் பட்டை நழுவி முழங்கை வரை இறங்கியது. “ஏம்மா, பிள்ளைக்கு அஞ்சு வயசு நிறையுது, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போற. அவன் முதுகுல ஆமையையா ஏத்தி அனுப்புவ?”

துணிக்கடைக்காரர் வகசுகியும் கூடவே சிரித்துவைத்தார். ஜப்பானின் ஓகாயாமாவில் கடை வைத்திருப்பவரால், தலைவியம்மா சிரிக்கும்போது சும்மா இருக்க முடியாது.

எதிரே நின்ற தொமியே மதிய ரயிலில் வந்திறங்கிய வெளியூர்க்காரி. முப்பது வயதிருக்கும். “பழைய மோஸ்தர் இருந்தா காட்டுங்க. ஆமை, இல்லாட்டி நாரை. ஆயுசுக்குன்னு போடுவாங்களே, அது” என்றாள்.

“அதெல்லாம் சீனப் போருக்கு முந்தின சரக்கும்மா. இப்ப எல்லாரும் கேக்கறது இதுதான்.” வகசுகி ஒரு சிறுவர் பட்டு மேலங்கியை விரித்தார்.

முன்பெல்லாம் இந்த மேலங்கிகளில் பருந்து பாயும் இடத்தில் மூன்று குண்டு விமானங்கள் பாய்ந்தன. கெண்டை துள்ளும் இடத்தில் போர்க்கப்பல் நின்றது. விளிம்பை ஒட்டி ஓர் ஊர் ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது.

தொமியே தொட்ட கையை எடுத்துக்கொண்டாள். “நெருப்பு இல்லாம ஏதாவது...”

“நெருப்பு இல்லாமலா!” இகுயேவுக்கு இன்னும் வேடிக்கையாகிவிட்டது. “பருந்துன்னா பிடிச்சதை விடாது. கெண்டைன்னா அருவியில எதிர்த்து ஏறும். ஆமை? சத்தம் கேட்டா தலையை உள்ள இழுத்துக்கும். உன் வீட்டுக்காரர் என்ன பண்றார்? போருக்குக் கூப்பிட்டாங்களா இல்லையா?”

“இனிமே கூப்பிட மாட்டாங்க.”

“அதானே பாத்தேன். என்ன கோளாறு, காலா கண்ணா?”

தொமியே திரும்பி அலமாரியில் ஆமையைத் தேடினாள். இகுயேவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நாற்பது வீட்டுப் பையன்களைக் கொடியசைத்து ரயிலேற்றி விட்டவள் அவள். அவளுக்குப் பிள்ளை கிடையாது. அதனால் கை வலிக்காமல் அசைக்க முடிந்தது.

“எங்க ஊர்ல பொறந்தவர்தான் விமானி கஜிவாரா. கேள்விப்பட்டிருப்ப. இன்ஜின்ல தீப்பிடிச்சதும் திரும்பி ஓடல. நேரா எதிரியோட ஆயுதக் கிடங்கு மேலயே போய் மோதிட்டார். சிரிச்சுக்கிட்டே போனார். ஆம்பிளைன்னா அவர்!”

“சிரிச்சாரா?” தொமியே முதல்முறையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். “யாரு பாத்தாங்க?”

“பேப்பர்லயே போட்டிருக்கான். உங்க மாதிரி ஆளுங்களுக்கு எல்லாத்துக்கும் சாட்சி வேணும்!” இகுயே கடைக்காரர் பக்கம் திரும்பினாள். “வகசுகி, இதைக் கட்டுங்க. நாளைக்குக் கோயில் மேடையில கஜிவாரா சம்சாரத்துக்கு சங்கத்து சார்பா நான்தான் குடுக்கறேன். அந்தப் பையனுக்கும் அஞ்சு வயசுதான். அப்பா செத்த விமானத்தை முதுகுல போட்டுக்கிட்டு அது நிக்கும் பாருங்க, ஊரே அழும்!”

அழகான காட்சிதான். தனக்கும் கண் கலங்குமா என்று ஒரு நொடி காத்திருந்தாள். கலங்கவில்லை.

“அளவு என்னம்மா?” என்று இழுத்தார் வகசுகி.

இகுயேவுக்கு அளவு தெரியாது. அந்த வீரனின் மனைவியையோ பிள்ளையையோ அவள் பார்த்ததே இல்லை. விழா அழைப்பிதழில்கூட ‘மாவீரரின் மனைவி’ என்று மட்டும் அச்சடித்திருந்தார்கள். பேர் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

“ஏய் ஆமைக்காரி, உன் பையனுக்கும் அஞ்சுதானே?” என்றாள். “இது அந்த வயசுக்குச் சரியா வருமா வராதா? அதையாவது சொல்லிட்டுப் போ.”

தொமியே மேலங்கியை எடுத்துத் தோள் தையலைச் சாண் போட்டு அளந்தாள். கை நீளத்தையும் அளந்தாள். பிறகு விமானமும் நெருப்பும் வெளியே தெரியாதபடி உள்பக்கமாக மடித்து, தலைவியின் கையிலேயே வைத்தாள்.

“கச்சிதமா இருக்கும்மா. ஆனா நாளைக்கு மேடையில நான் இதை வாங்கிக்க மாட்டேன்.”